நீட்டி நிமிர்ந்து ஒரு தூக்கம்

போன மாதம் ஒரு மதியம், மதுரையில் மயக்க மருத்துவராக இருக்கும் பெண் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். கொஞ்ச காலம் என்னிடம் வேலை பழகியவள். "மேடம், நாளைக்கு ஒரு ரிவிஷன் கேஸ். எப்பவோ வயித்துல பேண்ட் போட்டவங்க. எடை குறையல, மறுபடி ஆபரேஷன். நான் பேண்ட் போட்ட பேஷண்ட்டைப் பார்த்ததே இல்ல. கொஞ்சம் பயமா இருக்கு" என்றாள்.

அவள் பயந்ததில் தப்பில்லை. எடை குறைவதற்காக இரைப்பையின் மேல்பாகத்தைச் சுற்றி சிலிக்கான் வளையம் மாட்டுவது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. இப்போது அதை மாட்டுகிறவர்களும் இல்லை, மாட்டிக்கொள்கிறவர்களும் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மின்விசிறிக்குக் கீழே சாய்ந்தபோது, பாதித் தூக்கத்தில், விருதுநகரின் அந்த வெள்ளை வெயில் வந்து கண்ணுக்குள் நின்றுகொண்டது. மிளகாய் வத்தல் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிகளின் காரநெடி மூக்கில் ஏறியது. ரஹமத்தின் முகமும் கூடவே வந்தது.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் ஊரார் என்னை 'மயக்க டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். "ஊரையே தூங்க வைக்கிறவ, வீட்ல மட்டும் யாரையும் தூங்க விடமாட்டா" என்று என் கணவர் கிண்டல் செய்வார். மதுரையில் படித்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிறையத் திட்டு வாங்கினேன், கொஞ்சம் கற்றுக்கொண்டேன், கல்யாணமாகி விருதுநகர் வந்தேன். அப்புறம் இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் நான்தான் ஓட வேண்டியிருந்தது. காலையில் சூலக்கரையில் ஒரு பிரசவம், மத்தியானம் சிவகாசியில் ஒரு குடலிறக்கம். பட்டாசு சீசனில் தீக்காயக்காரர்களும் வருவார்கள். அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மருந்து ஏற்றுவதற்கு முன்னால், "உங்களுக்குப் பிடிச்ச ஒரு இடத்தை நினைச்சுக்கோங்க, என்ன இடம்னு எனக்கும் சொல்லுங்க" என்று கேட்பேன். சொல்லிக்கொண்டே தூங்கிப் போவார்கள். எம். புதுப்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா, "இடமெல்லாம் வேண்டாம் டாக்டரம்மா, மழை பெஞ்சு கம்பெனில லீவு விட்ட நாளா நினைச்சுக்கிறேன்" என்றார். வெயில் காய்ந்தால்தான் பட்டாசு காயும், பட்டாசு காய்ந்தால்தான் வேலை. மழை நாள்தான் அவருக்கு ஊர் சுற்றிப் பார்த்த நாள். சிரித்த முகத்தோடு உறங்கினார். மற்றவர்களின் கனவு வாசல்வரை போய்த் திரும்புவது என் வேலை என்று அப்போது தோன்றும். உள்ளே ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

டாக்டர் சங்கரலிங்கம் அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊருக்கு வந்தார். கரிசல் காட்டில் பருத்தியும் கொத்தமல்லியும் போடுகிற குடும்பம். பெரிய நகரங்களில் லேப்ராஸ்கோப்பி என்கிற துளை வழி அறுவை சிகிச்சை பழகிவிட்டு, அப்பாவுக்கு முடியவில்லை என்று ஊர் திரும்பி, பஜாருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைத்தார். என்னைவிட மூத்தவர். ஆபரேஷன் தியேட்டரில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எங்கள் எல்லோரையும் 'தாயி' என்றுதான் கூப்பிடுவார்.

கத்தி வைப்பதற்கு முன் நோயாளியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். சாமி கும்பிடுகிறார் என்று நர்சுகள் நினைத்திருந்தார்கள். நான் ஒரு நாள் கேட்டே விட்டேன். "என் கை சில்லுனு இருக்கும் தாயி. மயக்கத்துல இருந்தா மட்டும் அவுகளுக்குத் தெரியாமலா போகும்? கொஞ்சம் சூடாகட்டும்னு நிக்கேன்" என்றார். அதற்கப்புறம் அவரோடு எந்த கேஸுக்கும் நான் முடியாது என்று சொன்னதில்லை.

அவர் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு மஞ்சப்பை இருக்கும். ஜவுளிக்கடையில் கொடுக்கிற சாதாரணத் துணிப்பைதான். இரைப்பையை விளக்குவதற்கு அவருக்கு வேறு படம் தேவைப்படவில்லை.

ரஹமத் முதன்முதலில் வந்தது ஒரு கோடைக்காலத்தில். நாற்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த பெண். கணவர் காதர் மைதீன் பருப்பு மொத்த வியாபாரி. பெரிய கூட்டுக்குடும்பத்துக்கு ரஹமத் மூத்த மருமகள். நாற்காலியில் உட்கார்ந்து என்னிடம் பேசிக்கொண்டிருந்தவள், பேச்சின் பாதியிலேயே உறங்கிப் போனாள். உரத்த குறட்டை. திடீரென்று மூச்சு நின்று, திணறி, விழித்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். காதர் மைதீன் தரையைப் பார்த்தார்.

"படுத்தா மூச்சு அடைக்கும் டாக்டரம்மா. சுவத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்குவேன். நானும் நாலு பேரைப்போல நீட்டி நிமிந்து படுக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்" என்றாள்.

உடம்பின் பாரம்தான் அப்படி அவள் தொண்டையை அடைத்தது. அதற்காகத்தான் வேறு ஊரில் வளையம் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். வளையத்துக்கு மேலே இரைப்பை ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கிவிடும். கொஞ்சம் சாப்பிட்டாலே போதும் என்றாகிவிடும். வளையத்தை இறுக்கவும் தளர்த்தவும் வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு பொத்தான் இருக்கும். அதில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றலாம், எடுக்கலாம். ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டில் இருந்தாள். எடை மளமளவென்று குறைந்தது. அந்த மழைக்காலம் முழுக்கப் பாயில் படுத்துத் தூங்கினாள். கணவர் வீட்டுக்குத் திரும்பிய பிறகு எல்லாம் தலைகீழாயிற்று. சாப்பிட்டது நிற்காமல் வாந்தி. வயிறு காந்தும்போது பாயசமோ ரோஸ்மில்க்கோ குடிப்பாள். இனிப்புத் தண்ணீருக்கு வளையம் ஒரு தடையே இல்லை, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். போன எடை திரும்பி வந்தது. கூடவே நெஞ்செரிச்சலும் வந்தது. கடைசியில் தண்ணீர்கூட இறங்காமல்தான் எங்களிடம் வந்தாள்.

டாக்டர் முதலில் பொத்தானில் ஊசி குத்தி உப்புநீரை உறிஞ்சி எடுத்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அது இறங்கியதும் ரஹமத் அழுதாள். பிறகு மருந்துப்பாலைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே திரையில் பார்த்தோம். வளையம் நழுவிக் கீழே இறங்கியிருந்தது. அதற்கு மேலே இரைப்பை ஊதித் தொங்கியது.

மஞ்சப்பை வெளியே வந்தது. அதன் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, கீழே நழுவ விட்டுக் காட்டினார் டாக்டர். "இப்ப இப்படி இருக்கு. இதை ஏத்தி மறுபடி மாட்டலாம். ஆனா திரும்பவும் வழுகும். கழட்டிப்போட்டுட்டுச் சும்மா இருக்கலாம். எடை ஏறும், தூக்கமும் வராது." பையை நெடுக்காக மடித்துப் பிடித்தார். "இப்படி ஒரு ஓரமா வெட்டித் தைச்சுக் குழாய் மாதிரி ஆக்கலாம். உங்களுக்கு நெஞ்செரிச்சல் இருக்கு, அது இன்னும் கூடும். கடைசி வழி, பைபாஸ். மேல ஒரு சின்னப் பையை மட்டும் தனியாப் பிரிச்சு, குடலை இழுத்து அதுல சேர்க்கிறது. உங்களுக்கு அதுதான் சரி. ஆனா ஒருக்கா அறுத்த இடத்துல மறுபடி அறுக்கிறது சுலபமில்ல. உள்ள எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும். தையல் கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. ஆயுசுக்கும் சத்து மாத்திரை போடணும்."

காதர் மைதீன் எழுந்துவிட்டார். "கழட்டிட்டு விட்டுருங்க டாக்டர். ஒருக்கா வயித்தைத் தொட்டதே போதும். இவ வாயைக் கட்டியிருந்தா அதுவே வேலை செஞ்சிருக்கும். குண்டா இருந்தாலும் பரவால்ல, எனக்கு இவ இருந்தாப் போதும்" என்றார். கோபமும் பயமும் கலந்து அவர் குரல் உடைந்தது.

மறுநாள் டாக்டர் ரஹமத்திடம் ஒரு இட்லியைக் கொடுத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாதி இட்லியை மெதுவாக மென்று தின்றாள். போதும் என்று கையைக் கழுவினாள். வாந்தியும் இல்லை, வலியும் இல்லை. "அம்மா வீட்ல இப்படித்தான் சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். தலையாட்டினாள். "சரி, மாமியார் வீட்ல சாப்பிடுறதை நான் பாக்கணும். அங்க எப்படியோ, அப்படியே இங்கன சாப்பிடுங்க" என்றார்.

அப்படியாக எங்கள் ஆஸ்பத்திரி அறையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் விரித்து, நடுவில் சஹன் வைக்கப்பட்டது. சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். பல வீடுகளில் அது விருந்துக்கு மட்டும்தான். அந்த வீட்டுப் பெண்களுக்கோ தினமும் அப்படித்தான். மாமியார், ரஹமத், இளைய மருமகள் ஷகிலா மூவரும் உட்கார்ந்தார்கள். நாலாவது இடத்தில் என்னையும் உட்காரச் சொன்னார்கள். நெய்ச்சோற்று வாசத்தில் நான் எதற்கு வந்தேன் என்பதையே மறந்துவிட்டேன் என்று சொன்னால், இதைப் படிக்கிற இளைய டாக்டர்கள் சிரிக்கக்கூடாது.

டாக்டர் கதவோரம் நின்று ரஹமத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நாலைந்து வாய் சாப்பிட்டாள். முகம் மாறியது, வயிறு போதும் என்கிறது என்று எனக்கே தெரிந்தது. கை நின்றது. உடனே ஷகிலாவின் கையும் நின்றது. ரஹமத் அதைப் பார்த்தாள். மறுபடி ஒரு வாய் எடுத்தாள். ஷகிலாவும் எடுத்தாள். மாமியார் நல்ல கறித்துண்டு ஒன்றைப் பிய்த்து ரஹமத் பக்கம் தள்ளி வைத்தார். பாசத்தோடு தன் பக்கம் தள்ளியதை எப்படி விடுவாள்? அதையும் தின்றாள்.

டாக்டர் ஷகிலாவிடம், "நீங்க ஏம்மா நிறுத்துனீக?" என்று கேட்டார்.

ஷகிலா மடியில் கைக்குழந்தை இருந்தது. "லாத்தா கையை எடுத்துட்டா நாங்க எப்படி சாப்பிடுறது? மூத்தவுக ஒருத்தர் எழுந்திருச்சாலும் சஹன் முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றாள். அக்காவை அவர்கள் வீட்டில் லாத்தா என்பார்கள்.

ரஹமத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "இவ பால் கொடுக்கிற பிள்ளை. நான் பாதில எந்திரிச்சா இவ அரை வயித்தோட எந்திரிப்பா. அதான் கையை எடுக்க மாட்டேன். அப்புறம் கொல்லைல போயி வாந்தி எடுத்துருவேன்."

ஷகிலா எச்சில் கையோடு விம்மினாள். காதர் மைதீன் கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே வந்து, "நான் இவளை வாயைக் கட்டலன்னு சொன்னேனே" என்றார்.

"வயித்தை நான் மாத்திருவேன்" என்றார் டாக்டர். "சஹனை மாத்த முடியுமான்னு நீங்கதான் சொல்லணும். இல்லாட்டி பைபாஸும் இதே கதிதான். இப்ப வளையத்தை மட்டும் எடுத்துருவோம். வயிறு ஆறட்டும். மிச்சத்தை அப்புறம் பேசுவோம்."

இளையவர்களுக்காக அந்த முதல் ஆபரேஷனைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். படுக்க முடியாதவளைப் படுக்க வைத்து மயக்கம் கொடுக்க முடியாது. போர்வைகளை மடித்து மடித்து, முதுகிலிருந்து தலைவரை ஒரு சரிவு கட்டினேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் காதுத்துவாரமும் நெஞ்செலும்பின் மேல்முனைக் குழியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் மூச்சுக்குழல் நம் கண்ணுக்குத் தெரியும். அடுத்து, பேண்ட் போட்டவர்கள் எவ்வளவு நேரம் பட்டினி கிடந்தாலும் வயிறு நிறைந்தவர்கள் என்றே நினைக்க வேண்டும். முந்தைய நாளிலிருந்து ரஹமத் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனாலும் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக இரைப்பைவரை மெல்லிய குழாய் விட்டேன். உறிஞ்சினால் சோற்றுப் பருக்கைகள் வந்தன. வளையத்துக்கு மேலே அத்தனை நேரம் தங்கிக் கிடந்தவை. அவை மயக்கத்தில் நுரையீரலுக்குள் போயிருந்தால் அவள் பிழைத்திருக்க மாட்டாள்.

ஆக்சிஜன் முகமூடியை வைத்துவிட்டு இடம் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தோணல, பயமா இருக்கு" என்றாள். அப்படியே கண் மூடினாள். வயிற்றில் இருப்பது மேலே வராதபடி நர்ஸ் தொண்டைக் குருத்தெலும்பை அழுத்திப் பிடிக்க, குழாயை உள்ளே செலுத்தினேன். நெஞ்சு இரண்டு பக்கமும் ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. டாக்டர் கையைச் சூடாக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

வளையம் வெளியே வந்தது. அடுத்த சில மாதங்களில், டாக்டர் சொன்னபடியே, எடை இன்னும் ஏறியது. தூக்கம் இன்னும் மோசமாயிற்று. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாலும் மூச்சு முட்டியது. காதர் மைதீன் வியாபாரத்துக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூச்சு நிற்கும்போதெல்லாம் தோளைத் தட்டி எழுப்பினாராம். இனியும் தள்ளிப் போட்டால் இதயம் தாங்காது என்று நான் அவரிடம் நேராகவே சொன்னேன்.

சஹனுக்கு என்ன வழி என்று வீட்டில் பேச்சு நடந்தது. தனித்தட்டு வைத்துவிடலாம் என்றார் மாமியார். ரஹமத் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "தனித்தட்டு நோயாளிக்கு வைப்பாக, இல்லாட்டி சண்டை போட்டுக்கிட்டவுகளுக்கு வைப்பாக. நான் ரெண்டும் இல்ல" என்று என்னிடம் சொன்னாள். அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் பங்கைச் சின்னக் கிண்ணத்தில் முன்னாலேயே சாப்பிட்டுவிடுவாள். பிறகு எல்லோரோடும் சஹனில் உட்காருவாள். கறியைப் பிய்த்து மாமியார் பக்கமும் ஷகிலா பக்கமும் தள்ளிக்கொண்டே இருப்பாள். "கை உள்ளதான் இருக்கும் டாக்டரம்மா. வாய்க்கு மட்டும் வராது. அவுக வயிறு நிறையட்டும், நான் கடைசியா கையை எடுத்துக்கிறேன்" என்றாள்.

டாக்டரிடம் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் பார்த்து அவர் அப்படிச் சிரித்தது அந்த ஒரு முறைதான். "பழகிக் காட்டுங்க. நோன்பு முடியட்டும், பண்ணிருவோம்" என்றார். பழகிக் காட்டினாள். பெருநாள் விருந்தில்கூட வாந்தி எடுக்கவில்லை என்று ஷகிலா வந்து சாட்சி சொன்னாள்.

இரண்டாவது ஆபரேஷன் நாளில் மறுபடி போர்வைச் சரிவு கட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே நின்ற காதர் மைதீனின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நான் இடம் கேட்டேன். இந்த முறை ரஹமத் யோசிக்கவே இல்லை. "எங்க வீட்டு நடுக்கூடம். பாய் விரிச்சிருக்கு. மல்லாக்கப் படுத்திருக்கேன். யாரும் எழுப்ப மாட்டேங்கிறாக" என்றாள். கடைசிச் சொல் முகமூடிக்குள் கரைந்தது.

உள்ளே, டாக்டர் சொன்னதுபோல எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பழைய வளையம் இருந்த இடத்தில் கல்லீரல் இரைப்பையோடு பிணைந்திருந்தது. அவர் அவசரப்படவில்லை. மயிலிறகால் தடவுவதுபோல ஒவ்வொரு இழையாகப் பிரித்தார். என் மானிட்டரின் ஓசை ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. நேரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தையல் முடிந்ததும் நீலமருந்தை ஏற்றிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தோம். ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. "முடிஞ்சுது தாயி, எழுப்புங்க" என்றார். எழுப்பத்தான் எனக்கு மனம் வரவில்லை.

எடை மெல்ல மெல்லக் குறைந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும், "இன்னும் உக்காந்துதான் தூங்குறேன், ஆனா கொஞ்சம் சாஞ்சாப்புல" என்பாள். அடுத்த முறை, "ரெண்டு தலகாணி போதும்" என்பாள். டாக்டர், மாத்திரைகளைப் போடுகிறாளா என்று மட்டும் விசாரிப்பார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து ஊர் அசந்து கிடக்கிற பிற்பகலில், எனக்குப் போன் வந்தது. காதர் மைதீன். "டாக்டரம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போறீகளா? சாப்பிட்டுப் படுத்தா. இப்ப ரஹமத்கிட்ட இருந்து சத்தமே வரல. தொட்டுப் பாக்க எனக்குப் பயமா இருக்கு."

செருப்பை எப்படி மாட்டினேன் என்று நினைவில்லை. தையல் கசிந்துவிட்டதோ, இதயம் நின்றுவிட்டதோ என்று வழியெல்லாம் ஓடியது மனம். வீட்டு நடுக்கூடத்தில் பெண்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். ஷகிலா குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நடுவில் பாயில் ரஹமத் மல்லாந்து கிடந்தாள். ஒரே ஒரு தலையணை. வாய் மூடியிருந்தது. கைகள் இரண்டும் அகல விரிந்து கிடந்தன.

மண்டியிட்டு அவள் மூக்கருகே காதை வைத்தேன். மெல்லிய, சீரான, இளஞ்சூடான மூச்சு. நாடியைப் பிடித்தேன். நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ பேரைத் தூங்க வைத்திருக்கிறேன். இப்படி ஒரு தூக்கத்தை என் மருந்து எதுவும் கொடுத்ததில்லை.

"ஒண்ணுமில்ல. தூங்குறாங்க" என்றேன்.

காதர் மைதீன் நம்பாமல் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் குறட்டையும் திணறலும் இல்லாமல் மனைவி உறங்கி அவர் கேட்டதே இல்லை. மெதுவாகக் குனிந்து தானும் காதைக் கொடுத்துக் கேட்டார். அப்படியே வெகுநேரம் குனிந்திருந்தார்.

"தூங்குனா இப்படித்தான் இருக்குமா டாக்டரம்மா?" என்று கேட்டார்.

"இப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவர் உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். என்னையும்தான்.